வகுப்பில் பேசாத பிள்ளை செல்போனில் கேட்ட கேள்வி

நம் வீட்டுச் செல்போனில் எத்தனை வாட்ஸ்அப் குரூப்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜமாஅத் குரூப், சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், பள்ளிக்கூட குரூப், டியூஷன் குரூப், மக்தப் குரூப். இவற்றில் பிள்ளையின் படிப்புக்கென்று இருக்கும் குரூப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். "நாளை விடுமுறை." "ஃபீஸ் கட்டக் கடைசி நாள்." "பக்கம் 42 வீட்டுப்பாடம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். ஒரு பிள்ளையாவது "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று அதில் கேட்டிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. பள்ளிக்கூட வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டைத்தான் நாம் செல்போனுக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

பிள்ளைகள் ஒருவரோடொருவர் எழுதிப் பேசி, கேட்டு, மறுத்துப் படிப்பதற்கான கருவியாகவும் இதே செல்போன் ஆகும். அதை நாம் கள்ளக்குறிச்சியில் இருந்தபடி கண்ணால் பார்த்தோம். அது கெட்டுப்போனதையும் பார்த்தோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பெற்றோருக்குப் பயன்படும்.

2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நான்கே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பெரிய வகுப்புகளுக்கு இடையிடையே திறந்தார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளிக்கூடக் கதவு மறுபடி திறந்தது. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 19 மாதம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, நல்ல பாடங்கள்தான். ஆனால் டி.வி.யிடம் கை தூக்கி, "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாதே.

அப்போது நம் மஹல்லாவில் ஒரு கணக்கு ஆசிரியர் வாடகைக்குக் குடியிருந்தார். தினமும் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் கல்வராயன் மலைக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஊரடங்கில் அவரும் வீட்டோடு முடங்கிவிட்டார். ஒருநாள் வந்து, "ஹஜ்ரத், உங்க மக்தப் பிள்ளைங்களும் என் மலைப் பிள்ளைங்களும் ஒரே வகுப்புப் பாடம்தான் படிக்கிறாங்க. சேர்த்து ஒரு குரூப் போடுவோமா?" என்று கேட்டார். போட்டோம். மொத்தம் 23 பிள்ளைகள். அதில் ஐந்து பேர் மலையில். அவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்களின் பிள்ளைகள். (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நம் பிள்ளைகள் நினைத்தார்கள். மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்று ஒரு பையனே விளக்கி எழுதினான்.)

முதல் இரண்டு வாரம் அதுவும் நோட்டீஸ் போர்டாகத்தான் கிடந்தது. ஆசிரியர் கணக்கை அனுப்புவார், பிள்ளைகள் விடையை அனுப்புவார்கள், அவர் சரி, தப்பு போடுவார். ஒருநாள் இரவு 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டிருந்தார். அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள், ஆறாம் வகுப்பு, 2/5 என்று எழுதினாள். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அப்படியே கூட்டிவிட்டாள். அவளுக்குப் பின் மூன்று பிள்ளைகள் அதே விடையை எழுதினார்கள். தவறு என்று எழுத நமக்குக் கை பரபரத்தது. ஆசிரியர் தனியாக அழைத்து, "கொஞ்சம் பொறுங்க ஹஜ்ரத், பிள்ளைங்க என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்" என்றார்.

மறுநாள் காலை இன்னாடு பக்கத்திலிருந்து ஒரு பையனின் பதில் வந்தது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அவன் ஆடு ஓட்டிக்கொண்டு வரும் நேரம் அது. "அரை தோசை சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் தோசை சாப்பிட்டா அரைக்கு மேலதான போகும்? 2/5 அரையை விடச் சின்னதாச்சே?" என்று எழுதியிருந்தான். உடனே இன்னொரு பிள்ளை, 2/5 அரையை விடச் சின்னது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டது. ஐந்தில் பாதி இரண்டரை, இரண்டு அதைவிடக் குறைவு என்றான். பகல் முழுக்க இப்படிப் பன்னிரண்டு செய்திகள். கடைசியில் தவறாக எழுதிய அதே சிறுமி, நோட்டில் ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரித்து, அரைக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு துண்டு, ஆக 5/6 என்று போட்டோ எடுத்து அனுப்பினாள். நாம் முதல் நாளே "தவறு, 5/6" என்று எழுதியிருந்தால் விடை தெரிந்திருக்கும். கூட்டினால் எப்படிக் குறையும் என்ற கேள்வி எந்தப் பிள்ளைக்கும் வந்திருக்காது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். இரவில் மாணவர்கள் இரண்டு மூன்று பேராக வட்டமாக உட்கார்ந்து, அன்றைய பாடத்தை ஒருவர் உஸ்தாத் இடத்தில் இருந்து சொல்ல, மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். தக்ரார் என்போம். நஹ்வு இலக்கணம் நமக்கு வகுப்பில் புரிந்ததைவிடத் தக்ராரில் புரிந்ததுதான் அதிகம். கூடப் படிக்கிறவன் எங்கே இடறினான் என்பது அவனுக்கு நினைவிருக்கும். உஸ்தாத் அந்த இடத்தைக் கடந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்தோம். தபாலில் புத்தகக் கட்டு வந்தது, வருடக் கடைசியில் தேர்வு வந்தது. நடுவில் ஒரு சந்தேகம் கேட்க ஆளில்லை. பாஸ் செய்தோம், அவ்வளவுதான். தொலைவிலிருந்து படிக்கும் படிப்பில் விட்டுப்போனது அந்தத் தக்ரார்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் தம் வகுப்பில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு கேள்வி போடுவார். மாணவர் ஒவ்வொருவரும் முதலில் தனியாக ஒரு விடையைத் தேர்ந்துவிட வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசி, தன் விடை ஏன் சரி என்று வாதாட வேண்டும். அதன்பின் மறுபடி விடை சொல்ல வேண்டும். இதில் முக்கியமானது அந்த "முதலில் தனியாக" என்பது. நம் குரூப்பில் மூன்று பிள்ளைகள் 2/5 என்று எழுதினார்களே, அவர்கள் கணக்கே போடவில்லை. முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் இதைத் தடுக்க வழியில்லை. எழுதிய நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படிப்புக்கென்றே செய்த மென்பொருள்களில் இதற்கு வழி இருக்கிறது. மூடுல் என்று ஒன்று; உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துவது, இலவசமானது. அதன் உரையாடல் பகுதியில் கேள்வி-பதில் என்றொரு வகை உண்டு. பிள்ளை தன் பதிலை எழுதி அனுப்பும் வரை மற்றவர்கள் எழுதியது திரையில் தெரியாது. அனுப்பிய பிறகும் திருத்திக்கொள்ளக் கொடுத்த நேரம், வழக்கமாக அரை மணி, முடிந்த பின்தான் திறக்கும். பார்த்து எழுதிவிட்டு, தன் விடையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கூகுள் கிளாஸ்ரூமில் கேள்வி போடும்போதும் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைச் செய்யலாம்.

மூடுலை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ் சிறு வயதில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. சிற்றலை வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, தொலைவில் இருக்கும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார். அவர்தான் வளர்ந்து, 2002-இல் மூடுலை வெளியிட்டார். வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இருக்கும் பிள்ளைகளை நினைக்கும்போது இந்தச் செய்தி நமக்குப் பிடித்துப்போனது. மூடுலின் செல்போன் செயலியில், நெட் இல்லாத இடத்திலும் இறக்கி வைத்த உரையாடலைப் படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம். சிக்னல் கிடைத்ததும் அது தானாகப் போய்ச் சேரும்.

மலைக்கு இது பெரிய விஷயம். ஊரடங்கில் வீடியோ வகுப்பு வீடியோ வகுப்பு என்று எல்லோரும் அலைந்தோம். வீடியோவுக்கு அந்த நிமிடத்தில் சிக்னல் வேண்டும், டேட்டா வேண்டும், வீட்டில் போன் சும்மா இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது மலையில் அபூர்வம். கீழே ஊரிலும் பாதி வீடுகளில் போன் அத்தாவோடு வேலைக்குப் போய்விடும். எழுத்து அப்படியில்லை. காலையில் கேட்ட கேள்விக்கு இரவில் பதில் எழுதலாம். யோசித்து எழுதலாம். அந்தப் பையன் ஆடு மேய்க்கும் நேரத்தில் யோசித்ததால்தான் தோசை அவனுக்கு அகப்பட்டது என்று நமக்கு ஓர் எண்ணம்.

இனி பெண் பிள்ளைகள் விஷயம். நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வகுப்பில் எழுந்து நின்று புரியவில்லை என்று சொல்பவர்கள் குறைவு. தவறாகச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள் என்ற பயம். அந்த 23 பேரில் 11 பெண் பிள்ளைகள். நேரில் நடந்த மாலை வகுப்பில் ஒரு வருடமாக வாயே திறக்காத ஒருத்தி, குரூப்பில் ஒரு மாதத்தில் ஒன்பது கேள்வி கேட்டிருந்தாள். அவள் உம்மாவே நம்பவில்லை; போனைக் காட்டித்தான் நம்ப வைத்தோம். மார்க்கத்தைக் கேட்டு அறிந்துகொள்வதில் வெட்கத்தைத் தடையாக்கிக் கொள்ளாதவர்கள் என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நாம் பயானில் சொல்கிறோம். வெட்கம் தடையாகாத இடத்தை நம் பிள்ளைக்கு அமைத்துக் கொடுத்தோமா என்பது அடுத்த கேள்வி.

பாட்னாவிலிருந்து கான்பூர் ஐ.ஐ.டி.க்குக் கணினி அறிவியல் படிக்கப் போன பூஜா சங்கர் என்ற பெண்ணுக்கும் இதே நிலைதான். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஆண் மாணவர்கள் கூடிப் பேசிச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் போய்க் கேட்க இவருக்குக் கூச்சம். தனியாக உட்கார்ந்து திணறினார். பிற்பாடு அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் படிக்கும்போது, 2009-இல், பியாஸா என்ற கேள்வி-பதில் தளத்தைத் தொடங்கினார். ஆசிரியர் அனுமதித்தால், சக மாணவர்களுக்குத் தன் பெயர் தெரியாமல் அதில் கேள்வி கேட்கலாம். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது நடக்கிறது.

நம் குரூப்பில் கேட்டது பெயரோடு. பெயர் மட்டுமல்ல, செல்போன் எண்ணோடு. அங்கேதான் சறுக்கினோம். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். பள்ளி திறந்த பிறகு ஆசிரியருக்கு நேரமில்லை, நாமும் கவனிக்கவில்லை. குரூப்பில் ஃபார்வர்ட் வர ஆரம்பித்தது. சினிமா, கட்சி, யாரோ எழுதிய மருத்துவம், ஆதாரமில்லாத ஹதீஸ்கள். பிறகு ஒரு பையனின் அண்ணன், குரூப்பிலிருந்து ஒரு பெண் பிள்ளையின் எண்ணை எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டான். அவள் தைரியமாக உம்மாவிடம் சொன்னாள். ஒரே இரவில் பெண் பிள்ளைகள் 11 பேரும் குரூப்பை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தப்பு செய்தது யாரோ, படிப்பை இழந்தது இவர்கள். பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அட்மின் நாம்தான்; பிள்ளைகளின் எண்ணைப் பற்றி முதல் நாளே யோசித்திருக்க வேண்டியதும் நாம்தான்.

அந்தப் பயத்துக்குப் பின்னால் ஊர் நினைவும் உண்டு. 2022 ஜூலை 17-ஆம் தேதி சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு மாணவியின் மரணத்தை ஒட்டி நடந்த போராட்டம் கலவரமாகி, பள்ளி சூறையாடப்பட்டுப் பேருந்துகள் எரிந்தன. வாட்ஸ்அப் குரூப்கள் வழியாக ஆள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. தம் பிள்ளை எந்தக் குரூப்பில் இருக்கிறான் என்று அன்றைக்குத் தேடிப் பார்க்காத பெற்றோர் இந்த மாவட்டத்தில் குறைவு. குரூப் என்றாலே ஒரு அத்தா பதறுகிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

கலைத்துவிடலாம் என்று ஜமாஅத்தில் சிலர் சொன்னார்கள். அரிசி ஆலைக்காரரின் மனைவிதான், "அப்ப என் பொண்ணு யார்கிட்ட கேக்கும் ஹஜ்ரத்?" என்று மடக்கினார். பதில் இல்லை. நம் மஹல்லாவில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பியை வைத்துக் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாற்றினோம். மூடுல் அருமையானது, ஆனால் அதை நிறுவ சர்வர் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். கிளாஸ்ரூமில் செல்போன் எண் யாருக்கும் தெரிவதில்லை. கூச்சப்படும் பிள்ளை ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி எழுதலாம். தவறாக நடக்கும் பிள்ளை எழுதுவதை நிறுத்தி வைக்கலாம். எழுதி அழித்தாலும் ஆசிரியரால் பார்க்க முடியும். இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். வெளியேறிய 11 பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். நான்கு பேர் வரவில்லை. ஒன்பது கேள்வி கேட்டவள் அந்த நான்கு பேரில் ஒருத்தி.

கருவி மாறினால் மட்டும் போதாது என்பதையும் கற்றுக்கொண்டோம். பிள்ளைகள் பேச வேண்டுமென்றால், பேசுவதற்கு இடம் கொடுக்கும் கேள்வி வேண்டும். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்று கேட்டால் 20 பேரும் ஒரே புத்தக வரியை எழுதுவார்கள், இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டு அழகான நடையில் எழுதுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் "மேற்கண்ட காரணிகளின் அடிப்படையில்" என்று எழுதினால் நமக்குத் தெரியாதா! "உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செடியில் நிழல் பக்க இலைக்கும் வெயில் பக்க இலைக்கும் என்ன வித்தியாசம், ஏன்?" என்று கேட்டால், முதலில் அவன் வாசலுக்குப் போக வேண்டும். மலைப் பிள்ளை மரவள்ளி இலையைப் பற்றி எழுதுவான், ஊர்ப் பிள்ளை மொட்டைமாடித் தொட்டியைப் பற்றி எழுதுவாள். ஒன்றை ஒன்று பார்த்துக் கேட்க அப்போதுதான் விஷயம் கிடைக்கும்.

ஆசிரியர் வேலை இதில் குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எப்போது பேசாமல் இருப்பது என்று தெரிய வேண்டும், அது கஷ்டம். பிள்ளைகள் மூன்று முறை ஒரே இடத்தில் சுற்றினால் ஒரு சிறு கேள்வி போட்டுத் திருப்பிவிட வேண்டும். கடைசியில் வந்த முடிவு சரியா என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க வேண்டும். இல்லையென்றால் தவறான விடையே பதிந்துவிடும். வாரத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டதே நமக்குத் திணறலாக இருக்கிறது.

பெரிய படிப்பிலும் இது வந்துவிட்டது என்பதைப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டார் கவனிக்க வேண்டும். மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் இணையப் படிப்புகளின் அமைப்பே நான்கு பகுதிகள்: வீடியோ, படிக்கும் பாடம், சுயதேர்வு, கலந்துரையாடல். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் ஆரம்பித்த இணையவழிப் பட்டப்படிப்பில் மாணவர்கள் டிஸ்கோர்ஸ் என்ற உரையாடல் மென்பொருளில்தான் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே அதிலும் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தன் சந்தேகத்தைத் தெளிவாக நாலு வரியில் எழுதத் தெரியாத பிள்ளை அங்கே போய்த் தவிக்கும். எது புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டது, என்ன செய்து பார்த்தோம் என்று எழுதும் பழக்கம் ஆறாம் வகுப்பிலேயே வரலாம்.

எல்லா வீட்டிலும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "போன் கொடுக்கலாமா, வேணாமா ஹஜ்ரத்?" கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள் என்போம். மஃரிபுக்குப் பிறகு முக்கால் மணி, கூடத்தில் எல்லோரும் இருக்கும் இடத்தில். குரூப்பில் என்ன நடக்கிறது என்று உம்மாவோ அத்தாவோ பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நன்னியைப் பிள்ளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே போன் இருக்கும் வீட்டில் அண்ணனுக்கு முன்னுரிமை, தங்கைக்கு மிச்ச நேரம் என்று நடக்கிறது. நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். மூன்று வீடுகளில் ஒட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வராத நான்கு பேருக்கும் வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரக் கேள்வியைத் தாளில் எழுதி மக்தபுக்கு வரும் தங்கைகளிடம் கொடுத்தனுப்புகிறோம். அவர்கள் எழுதித் தரும் பதிலை அந்தத் தம்பி பெயர் போடாமல் கிளாஸ்ரூமில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் சொன்னதை அச்செடுத்துத் திருப்பி அனுப்புகிறான். மெதுவாகத்தான் நடக்கிறது.

இந்த வாரக் கேள்வி கரண்ட் பில். வீட்டில் இருக்கும் கடைசி மூன்று பில்லை எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டுகளையும் கணக்கில் கொண்டு, எந்தப் பில்லில் ஏன் தொகை கூடியது என்று எழுத வேண்டும். ஒன்பது பதில் வந்திருக்கிறது. இரண்டு பேர் ஃபிரிட்ஜ் மேல் பழி போட்டிருக்கிறார்கள், ஒருத்தி அண்ணன் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் பல்ப் மேல். தாளில் இரண்டு பதில் வந்திருக்கிறது. மலையிலிருந்து இன்னும் வரவில்லை. அங்கே இரண்டு நாளாக மழை.